மேட்ரன் வழியாகக் கேட்ட சந்தேகங்கள்

காலை பத்தேகால் மணிக்கு வகுப்பறை வாசலில் முதலில் தெரிந்தது ஒரு கறுப்புக் குடை. விரித்த குடை. மழை இல்லை, வெயிலும் வெளியிலேயே நின்றுவிட்டது. குடை வாசல் நிலையில் ஒரு தடவை இடித்தது, சாய்ந்தது, பிறகு பக்கவாட்டில் நுழைந்தது. அதற்குக் கீழே ஒரு கோட்டும் வேட்டியும் ஒரு ஜோடிச் செருப்பும் வந்தன. முகம் வரவில்லை. குடை சுவரோரமாகவே நகர்ந்து கரும்பலகைக்கு முன்னால் போய் நின்று மடங்கியது. அப்போது எங்களுக்குக் கிடைத்தது ஒரு முதுகும் எண்ணெய் தடவி முடிந்த குடுமியும். அதுதான் எங்கள் கணக்கு வாத்தியார்.

தொள்ளாயிரத்துப் பத்தாம் வருஷத்து ஜூன் மாதம் அது. பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் மேல்வகுப்பில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். சர்க்கார் பரீட்சைக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கப் பெண் வாத்தியார் எவரும் அகப்படவில்லை. ஆகவே ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரை வாரத்துக்கு நாலு நாள் வரவழைத்தார்கள். பள்ளியை நடத்திய வெள்ளைக்கார மிசியம்மா சபைப் பெரியவர்களோடு இரண்டு நாள் பேசி, மூன்று விதிகளை எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார். வாத்தியார் கரும்பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்த வேண்டும். பிள்ளைகள் வாத்தியாரோடு நேரில் பேசக் கூடாது; சந்தேகம் இருந்தால் விடுதி மேட்ரனிடம் சொல்ல வேண்டும், மேட்ரன் அதை வாத்தியாரிடம் சொல்லுவார். மேட்ரன் இல்லாமல் வகுப்பு இல்லை.

குடை விதிகளில் இல்லை. அது வாத்தியாரின் சொந்த ஏற்பாடு. அவருக்கு வயது இருபத்துமூன்று. எங்களைப் பார்த்து அவர்தான் அதிகம் பயந்தார்.

எனக்கு அந்த வகுப்பில் அது இரண்டாவது வருஷம். முந்தின டிசம்பரில் எல்லாப் பாடங்களிலும் தேறி, கணக்கில் மட்டும் தவறியிருந்தேன். அந்த வருஷம் கணக்குக்கு வாத்தியாரே கிடையாது; புஸ்தகத்தைக் கொடுத்துப் படித்துக்கொள் என்றார்கள். மிசியம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: இன்னும் ஒரு தடவை எழுதலாம், தேறினால் இந்தப் பள்ளியிலேயே வாத்தியார் வேலை, தவறினால் ஊருக்கு வண்டி. என் ஊர் குலசேகரன்பட்டினத்துக்கு மேற்கே, தேரி மணலுக்கு நடுவில் இருக்கிறது. அங்கே என் மாமா மகன் ஒருவர் கல்யாணத்துக்குத் தயாராகக் காத்திருந்தார். ஞாயிறுதோறும் கோயில் ஆராதனை முடிந்ததும் என் அப்பாவிடம் வந்து, "மாமா, அவளுக்குக் கணக்கு எப்படி இருக்காம்?" என்று விசாரிப்பாராம். என் படிப்பில் அவ்வளவு அக்கறை காட்டிய வேறு மனிதரை நான் அறியேன்.

மேட்ரனுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது இருக்கலாம். கிராமக் கோயில் உபதேசியார் ஒருவரின் விதவை. நாலாம் வகுப்பு வரை படித்தவர். அறுபது பிள்ளைகளின் சாப்பாடு, காய்ச்சல், பேன், விளக்கெண்ணெய் எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு மணி நேரம் வெறுமனே உட்கார்ந்து காவல் காப்பது அவருக்கு ஒவ்வாது. அதனால் சொளகில் அரிசியோடு வருவார். வாத்தியாருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டு, சொளகை மடியில் வைத்துக் கல் பொறுக்குவார். அந்தக் காலத்து விடுதி அரிசியில் கல்லுக்குப் பஞ்சம் இல்லை.

பாடம் இப்படி நடக்கும். வாத்தியார் பலகையில் முக்கோணம் போடுவார். ஒரு பக்கத்தை வெளியே நீட்டுவார். என் பக்கத்தில் இருந்த சாத்தான்குளத்துக்காரி மேட்ரன் காதில், "எதுக்கு அந்தக் கோட்டை நீட்டுதாக?" என்பாள்.

மேட்ரன் தொண்டையைச் செருமி, "ஐயா, அந்தக் கோட்டை எதுக்கு நீட்டுதீகன்னு பிள்ள கேக்குது" என்பார்.

வாத்தியார் பலகையிடம், "நீட்டினால்தான் வெளிக்கோணம் கிடைக்கும் என்று சொல்லுங்கள்" என்பார்.

மேட்ரன் எங்கள் பக்கம் திரும்பி, "நீட்டுனாத்தான் வெளிக்கோணம் கிடைக்குமாம்" என்பார்.

வாத்தியாருக்கும் எங்களுக்கும் இடையே ஆறடி தூரம். அவர் சொன்னது எங்கள் காதில் விழாமல் இல்லை. ஆனால் மேட்ரன் சொல்லும் வரை கேட்டதாகக் காட்டிக்கொள்வது மரியாதை இல்லை என்று நினைத்தோம். கணிதத்தின் ஒவ்வொரு உண்மையும் எங்கள் வகுப்பில் இரண்டு தடவை சொல்லப்பட்டது. ஒரு தடவைகூட எனக்கு விளங்கவில்லை.

விளங்காததை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. சின்ன வயசிலிருந்தே வேத வசனங்களை அதிகாரம் அதிகாரமாக மனப்பாடம் செய்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். சாத்தான்குளத்துக்காரி கோயில் பாட்டுக் குழுவில் முதல் குரல். அவள் ஒரு சனிக்கிழமை ஐந்தாம் தேற்றத்தைச் செஞ்சுருட்டியில் பாடிக் காட்டினாள். 'ஏபியும் ஏசியும் சமமானால்' என்று பல்லவி. 'ஆகையால் பி கோணமே, அது சி கோணமே' என்று முடிப்பு. எழுத்து பிசகாது, தாளம் தப்பாது. எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு மாதத்தில் இருபது தேற்றங்களுக்கு மெட்டுப் போட்டோம். இணைகோடுகளை நீலாம்பரியில் போட்டது மட்டும் தப்பாகிப் போனது. மற்ற இரண்டு பேரும், அவர்கள் அக்காள் தங்கை, பாதியிலேயே தூங்கிவிழுந்தார்கள். அதை மோகனத்துக்கு மாற்றினோம். தண்ணீர் இறைக்கும்போது பாடினோம். பாத்திரம் தேய்க்கும்போது பாடினோம். கீழ்வகுப்புச் சிறுமிகள் அர்த்தம் தெரியாமல் செங்கோணத்தைப் பாடிக்கொண்டே பாண்டி ஆடினார்கள். வகுப்பில் வாத்தியார் கேட்டால் ராகத்தை மட்டும் கழித்துவிட்டு மேட்ரனைப் பார்த்து ஒப்பிப்போம். மேட்ரனின் சொளகுச் சத்தம் தாளத்துக்குப் போதும்.

வாத்தியார் பலகையைப் பார்த்தே பூரித்தார். எங்கள் முகங்களை அவர் பார்த்திருந்தால் இரண்டே நாளில் தெரிந்திருக்கும்.

அட்சர கணிதத்துக்கு மெட்டு உதவவில்லை. அங்கே எக்ஸ் என்று ஒன்று வந்தது. "அது என்னன்னு பிள்ள கேக்குது" என்றார் மேட்ரன். "தெரியாத ஒன்று என்று சொல்லுங்கள்" என்றார் வாத்தியார். "தெரியாத ஒண்ணாம்" என்றார் மேட்ரன். நான் அதை நோட்டில் எழுதிக்கொண்டேன். தெரியாத ஒன்றை இன்னொரு தெரியாததோடு கூட்டி, மூன்றால் பெருக்கி, சமன் குறிக்கு அந்தப் பக்கம் தள்ளினால் தெரிந்துவிடும் என்றார்கள். தள்ளிப் பார்த்தேன். ஒரு தோட்டத்தில் எத்தனை மாமரம் என்ற கணக்குக்கு எனக்கு மைனஸ் ஏழேகால் மாமரம் வந்தது. சிலேட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அது மூன்று துண்டாக உடைந்தது. "பாருட்டி, முக்கோணம்!" என்று சாத்தான்குளத்துக்காரி ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினாள். அழுகை வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்து தொலைத்தது. அன்று அப்பாவுக்கு எழுதிய கடுதாசியில், கணக்கு நன்றாக வருகிறது என்று எழுதினேன்.

ஜூலை மாதக் கடைசியில் ஒரு நாள் வாத்தியார் ஆறாம் தேற்றத்தை ஆரம்பித்தார். ஐந்தாவதில் இரண்டு பக்கங்கள் சமமானால் இரண்டு கோணங்கள் சமம் என்று நிரூபித்திருந்தார். இப்போது இரண்டு கோணங்கள் சமமானால் இரண்டு பக்கங்கள் சமம் என்று நிரூபிக்கப் போனார். நாங்கள் நாலு பேரும் வாயைத் திறக்கவில்லை. எனக்குக் கொட்டாவி வந்துகொண்டிருந்தது. சொளகுச் சத்தம் நின்றது.

"ஐயா, பிள்ளைக்கு ஒரு சந்தேகமாம்" என்றார் மேட்ரன். "ஒருதரம் ருசுப் பண்ணியாச்சே. அதையே திருப்பிச் சொல்லுததுக்கு இன்னொரு ருசு எதுக்குங்குது. நேரே உண்மையா இருந்தா திருப்பினாலும் உண்மையாத்தானே இருக்கணும்?"

நாலு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்தோம். எவளும் கேட்கவில்லை.

வாத்தியாரின் சாக்குக்கட்டி பலகையிலேயே நின்றது. "நல்ல கேள்வி" என்றார். குரல் மாறியிருந்தது. "மாடு எல்லாவற்றுக்கும் நாலு கால். நாலு கால் உள்ளது எல்லாம் மாடா என்று அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள்."

மேட்ரன் எங்களிடம் அதைச் சொல்லவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சின் கால்களைக் குனிந்து பார்த்தார். நாலு. "அது சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடியும் கல் பொறுக்கினார்.

"கேட்டது எந்தப் பிள்ளை?" என்றார் வாத்தியார். அப்படி அவர் கேட்டது அதுவே முதல் தடவை. மேட்ரன் கையை நீட்டினார். கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தவள் நான். என் பெயரைச் சொல்லிவிட்டார்.

வகுப்பு முடிந்ததும் மேட்ரன் பின்னாலேயே ஓடினேன். "நான் எங்க கேட்டேன், மேட்ரன்?"

"நீ கேக்கல. கேட்டிருக்கணும். சும்மா கெட" என்றார்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று சந்தேகம் எனக்கு வந்தது. அவை வரும்போதுதான் எனக்கே தெரியவரும். புள்ளிக்கு அகலம் இல்லை என்றால் புள்ளிகளை அடுக்கிக் கோடு எப்படி நீளும் என்று கேட்டேனாம். ஆகஸ்டில் நான் கேட்டது வாத்தியாரைத் தூங்கவிடவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. "இணைகோடு ரெண்டும் எங்கனயும் சந்திக்காதுங்கீகளே, எவ்வளவு தூரம் போயிப் பாத்தாகன்னு பிள்ள கேக்குது. ஆத்துக்கு ரெண்டு கரை, பக்கத்துல பக்கத்துலயே போகுது. புன்னக்காயல்ல கடல் மறிச்சிருது, சரி. கடல் இல்லைன்னா அதுக்கப்புறம் என்ன ஆகும்ங்குது." வாத்தியார் பலகையைப் பார்த்தபடி நாலு நிமிஷம் நின்றார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆகவே நிச்சயமாகச் சொல்வேன். பிறகு, "போய்ப் பார்க்க முடியாது, அதனால்தான் அதை ஒப்புக்கொண்டு ஆரம்பிக்கிறோம் என்று சொல்லுங்கள்" என்றார். "இவ்வளவு தூரம் யோசிக்கிற மாணாக்கர் ஆண்பிள்ளைகள் பள்ளியில்கூட எனக்கு இல்லை" என்றும் சொன்னார்.

மேட்ரன் அந்தக் கடைசி வாக்கியத்தை எங்களுக்குத் திருப்பிச் சொல்லவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

வாத்தியார் இதை மிசியம்மாவிடம் சொன்னார். வெள்ளிக்கிழமை சாப்பாட்டில் என் தட்டில் ஒரு முட்டை வந்தது. மூளைக்கு முட்டை வேண்டும் என்பது மிசியம்மாவின் கொள்கை. பிறகு வெள்ளிதோறும் வந்தது.

"பாதி முட்டை இங்கன வரட்டும்" என்றாள் சாத்தான்குளத்துக்காரி. "இல்லைன்னா கேட்டது யாருன்னு மிசியம்மாட்ட போயிச் சொல்லிருவேன்."

"சொல்லேன். மேட்ரனைத்தான் வைவாக."

"முட்டையும் போயிரும், மூதி."

பாதி கொடுத்தேன். அடுத்த வாரம் அக்காள் தங்கை இருவரும் வந்து நின்றார்கள். நாலில் ஒரு பங்கு முட்டை தின்று மேதாவியாக இருந்தேன். பின்னம் எனக்குப் புரிந்தது அப்படித்தான்; அதையும் எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

இப்படி ஒரு பெயர் வந்துவிட்டால் அது நமக்கு உரியதுதானோ என்று ஒரு மயக்கம் வந்துவிடுகிறது. நான் நெற்றியைச் சுருக்கி நடக்கப் பழகினேன். அறையில் தனியாக இருக்கும்போது ஒரு முக்கோணத்தை முறைத்துப் பார்ப்பேன். அது என்னைத் திரும்பி முறைக்கும். டிசம்பர் பரீட்சை ஞாபகம் வரும். உடனே செஞ்சுருட்டியைப் பிடித்துக்கொள்வேன்.

செப்டம்பரில் பெண்கள் பள்ளிகளைப் பார்வையிடும் இன்ஸ்பெக்ட்ரஸ் துரைசானி மதராசிலிருந்து வந்தார். உயரமான அம்மாள். புஸ்தகத் தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். மிசியம்மா அவரை நேரே எங்கள் வகுப்புக்கு அழைத்து வந்து, என்னைக் காட்டி, "கேள்விகள் கேட்கும் பெண் இவள்தான்" என்றார். வாத்தியார் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஒட்டிக்கொண்டு நின்றார். மேட்ரன் வழக்கம்போல முக்காலியில் சொளகோடு இருந்தார்.

துரைசானி சாக்குக்கட்டியை எடுத்து ஒரு முக்கோணம் போட்டார். அது தலைகீழாக நின்றது. முனை கீழே, அடி மேலே. மூலைகளில் ஏ, பி, சி இல்லை. க, ச, ட என்று எழுதினார். "கச-வும் கட-வும் சமம். ஆகவே ச கோணமும் ட கோணமும் சமம் என்று நிரூபி" என்றார்.

எழுந்து நின்றேன். உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது. 'ஏபியும் ஏசியும்' என்று வாய் திறந்தேன். பலகையில் ஏ-யைத் தேடினேன். இல்லை. "ஏ எங்கட்டி?" என்று பின்னாலிருந்து சாத்தான்குளத்துக்காரி கிசுகிசுத்தது சன்னல் வரைக்கும் கேட்டது. நான் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். இன்னும் சாய்த்தேன். அக்காள் தங்கை இருவரும் என்னோடு சேர்ந்து சாய்ந்தார்கள். ஒரு கட்டத்தில் நாங்கள் நாலு பேரும் பெஞ்சிலேயே தலைகீழாக ஆகிவிடுவோம் போலிருந்தது.

துரைசானி பொறுமையாக, "பரவாயில்லை. ஆற்றின் இரண்டு கரைகளைப் பற்றி நீ கேட்டாய் அல்லவா? அதற்கு வந்த பதிலைச் சொல்" என்றார்.

ஆற்றுக்குக் கரை இரண்டு என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. மேட்ரனைப் பார்த்தேன்.

மூன்று மாதப் பழக்கம். மேட்ரனின் வாய் தானாகவே ஆரம்பித்தது. "அம்மா, பிள்ள என்ன சொல்லுதான்னா, கடைசி வரைக்கும் போயிப் பாக்க ஒருத்தராலயும் ஆகாதாம். அதனால அதை ருசுப் பண்ண முடியாதாம். ஒப்புக்கிட்டுத்தான் ஆரம்பிக்கணுமாம். ஆனா ஒப்புக்கிட்டாச்சுன்னா, முக்கோணத்துக்கு உள்ள மூணு கோணமும் சேந்து ரெண்டு செங்கோணம்னு வந்து நிக்குதாம். அதை ஒப்புக்கலைன்னா இதுவும் நிக்காதாம். அப்படின்னு சொல்லுதா."

துரைசானி குனிந்து என் வாயைப் பார்த்தார்.

"இந்தப் பெண் வாயே திறக்கவில்லையே" என்றார் துரைசானி.

மேட்ரன் சொளகைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார். போக வழி இல்லை; மிசியம்மா வாசலில் நின்றார்.

துரைசானி பலகையிலிருந்த தலைகீழ் முக்கோணத்தைச் சுட்டி, "நீங்கள் நிரூபியுங்கள்" என்றார். மேட்ரன் எழுந்திருக்கவில்லை. சாக்குக்கட்டியையும் வாங்கவில்லை. சொளகிலிருந்த அரிசியை உள்ளங்கையால் சமமாகத் தடவி, விரலால் அதே முக்கோணத்தைக் கீறினார். பொறுக்கி வைத்த கல்லில் மூன்றை எடுத்து மூலைக்கு ஒன்றாக வைத்தார். பைய, ஒவ்வொரு படியாகச் சொன்னார். க-வும் ச-வும் ட-வும் அவர் வாயில் வரவில்லை. "இந்தக் கல்லு, அந்தக் கல்லு" என்றே முடித்தார். இடையில் எங்கும் பாட்டு இல்லை.

அப்போதுதான் வாத்தியார் திரும்பினார். ஜூன் மாதத்திலிருந்து யாருக்குப் பாடம் நடத்திவந்தார் என்பதை அன்று கண்ணால் பார்த்தார். அவருக்கு மெல்லிய மீசையும், மூக்கில் சாக்குத்தூளும் இருந்தன. மேட்ரனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். பிறகு விதி ஞாபகம் வந்து சட்டென்று பலகைப் பக்கம் திரும்பிவிட்டார்.

மிசியம்மா அன்று சாயங்காலம் எங்களை ஒன்றும் வையவில்லை. அதுவே பெரிய தண்டனை. மேட்ரனையும் பரீட்சைக்கு அனுப்பலாமா என்று மதராசுக்கு எழுதிக் கேட்டார். கீழ்ப் பரீட்சை தேறாதவர் மேல் பரீட்சைக்கு உட்கார முடியாது என்று மூன்று வரியில் பதில் வந்தது. என்னிடம், "உனக்குப் பதினொரு வாரம் இருக்கிறது" என்றார். முட்டை நின்றது. சாத்தான்குளத்துக்காரிக்குத்தான் அதில் வருத்தம் அதிகம்.

தேற்றங்களைப் பாடக் கூடாது என்று நாலாவது விதி கதவில் ஏறியது. வாத்தியார் தினமும் எழுத்தை மாற்றிப் போட்டார். ஒரு நாள் ம, ய, ர. மறுநாள் வ, ழ, ள. முக்கோணம் ஒருக்களித்துப் படுத்தது, கவிழ்ந்தது, மூலையில் நின்றது. நான் ஒவ்வொன்றிலும் ஏ-யைத் தேடினேன். மேட்ரன் இப்போது தன் சந்தேகத்தைத் தன் சந்தேகமாகவே கேட்டார். ஆனாலும் "எனக்கு" என்று சொல்ல வெட்கப்பட்டு, "இங்கன ஒரு சந்தேகம்" என்பார். அவர் கேட்கும்போது நான் முதல் தடவையாகக் காது கொடுத்துக் கேட்டேன். கேட்கக் கேட்க, எனக்கு விளங்காதது எது என்பதாவது விளங்க ஆரம்பித்தது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, காலை எட்டு மணி இருக்கும். வாய்க்காலில் துணி துவைத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு சவுக்கம், சதுரமான கைத்துண்டு. மூலைக்கு மூலை மடித்தேன். முக்கோணமாக வந்தது, இரண்டு பக்கம் சமம். அதைப் படியில் விரித்தேன். ஏனென்று தெரியாது, அப்படியே எடுத்துத் திருப்பிப் போட்டேன். இடது மூலை இருந்த இடத்தில் வலது மூலை போய் உட்கார்ந்தது. வலது மூலை இடத்தில் இடது. மேல்முனை அசையவில்லை. படியில் ஈரத்தடம் முன்னே இருந்தது. துணி அந்தத் தடத்தின் மேல் ஒரு நூல் பிசகாமல் படிந்தது.

மறுபடியும் திருப்பினேன். மறுபடியும் படிந்தது.

இரண்டு பக்கமும் சமமாக இருப்பதால் அந்த முக்கோணத்துக்குத் தான் திரும்பிவிட்டோம் என்றே தெரியவில்லை. அது தன் மேலேயே படுத்துக்கொள்கிறது. அப்படியானால் இந்தக் கோணம் அந்தக் கோணமாகத்தான் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லை. ஏ வேண்டாம், பி வேண்டாம், பாட்டு வேண்டாம். தலைகீழாக வைத்தாலும், வாய்க்காலுக்குள் போட்டாலும் அது அப்படித்தான் இருக்கும்.

நான் சிரிக்க ஆரம்பித்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"என்னட்டி, பேய் புடிச்சிட்டா?" என்று சாத்தான்குளத்துக்காரி ஓடிவந்தாள்.

"பாருளா, திருப்பிப் போடுதேன், பாரு! தெரியுதா? அதுக்குத் தெரியல! திரும்பிட்டோம்னு அதுக்கே தெரியல!"

"எதுக்குத் தெரியல?"

"முக்கோணத்துக்கு!"

அவள் சவுக்கத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் ஒரு தடவை திருப்பிப் போட்டாள். "அடி சவமே" என்றாள் மெல்ல. அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் துவைத்து வைத்திருந்த அத்தனை சவுக்கங்களையும் முக்கோணமாக மடித்துப் படிக்கட்டு முழுக்கத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தோம். அக்கரையில் மாடு குளிப்பாட்டிய ஒருவர், "ஏ பிள்ளைகளா, துணி காயணும்னா வெயில்ல போடுங்க, அங்கன நெழலு" என்று கத்தினார். சிரித்த சிரிப்பில் நான் மூன்று படி வழுக்கி, இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றேன். சவுக்கத்தைக் கைவிடவில்லை.

அன்றைக்குப் பிறகு எல்லாம் விளங்கியது என்று சொன்னால் அது பொய். அட்சர கணிதம் டிசம்பர் வரை என்னைப் படுத்தியது. மாமரம் மைனஸில் வருவது நின்றது, அவ்வளவுதான். ஆனால் ஒன்று விளங்கினால் அது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிட்டது. சர்க்கரைப் பாகு பதம் பார்ப்பதுபோல. ஒரு தடவை கையில் பட்டுவிட்டால் பிறகு பதம் வராததை வந்துவிட்டது என்று யாரும் ஏமாற்ற முடியாது. மேட்ரனும் நானும் அரிசியில் சண்டை போடத் தொடங்கினோம். "அது எப்படி வரும்? காரணத்தைச் சொல்லுட்டி" என்பார். சொல்வேன். "இல்ல, நீ நடுவுல ஒரு படியைத் தாண்டிட்டே" என்பார். தாண்டித்தான் இருப்பேன். ஒரு தடவை அவர் தாண்டினார், நான் பிடித்தேன். அன்று ராச்சாப்பாட்டில் எனக்கு ஒரு கரண்டி குழம்பு கூட விழுந்தது.

பரீட்சை ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலியில், ஆண்பிள்ளைகள் பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் நடந்தது. மாட்டு வண்டியில் போனோம். பாலத்துக்குக் கீழே ஆறு செம்மண் நிறத்தில் இரண்டு கரையும் தொட்டுப் போனது. காவலுக்கு மேட்ரன் வந்தார். மண்டபத்துக்குள் அவரை விடவில்லை; வெளியே வேப்பமரத்தடியில் உட்காரச் சொன்னார்கள்.

மண்டபத்தில் பதினொரு மணிக்கு மேல் எங்கிருந்தோ மெல்லிய ரீங்காரம் ஒன்று கேட்டது. மேற்பார்வையாளர் வண்டு என்று நினைத்து மேலே பார்த்தார், சன்னலைப் பார்த்தார், கடைசியில் எங்கள் வரிசைக்கு வந்தார். சாத்தான்குளத்துக்காரி வாயை இறுக மூடிக்கொண்டு வேகமாக எழுதிக்கொண்டிருந்தாள். அவர் போனதும் மறுபடியும் ரீங்காரம். மோகனம். எழுத்து மாறினாலும் பாடுகிற வித்தையை அவள் கண்டுபிடித்திருந்தாள். எனக்குச் சிரிப்பை அடக்க ஒரு கணக்கின் நேரம் போனது.

வெளியே வந்ததும் மேட்ரன் எப்படி எழுதினீர்கள் என்று கேட்கவில்லை. "தாளைக் குடு" என்றார். வண்டியில் ஏறி, கேள்வித்தாளை மடியில் விரித்து, பாலம் வரும் வரை ஒவ்வொரு கணக்காகப் படித்தார். நடுப்பாலத்தில் தலை நிமிர்ந்து, "அஞ்சாவதுக்கு ரெண்டு வழி இருக்குட்டி. நீ எதை எழுதினே?" என்றார். சொன்னேன். "அது சுத்து வழி" என்றார். வண்டிக்காரர் பதறி, "இல்லம்மா, இதான் குறுக்குப் பாதை" என்றார். விடுதி வந்து சேரும் வரை சிரித்தோம்.

முடிவு மார்ச் மாதம் வந்தது. மிசியம்மா தம் அறைக்கு ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டார். அக்காள் தேறினாள், தங்கை தவறினாள். சாத்தான்குளத்துக்காரி பாடியே தேறினாள். நான் தேறினேன். அறையை விட்டு வந்ததும் சாத்தான்குளத்துக்காரியின் கைகளைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் சுற்றினேன். நிரப்பி வைத்திருந்த குடத்தின் மேல் இரண்டு பேரும் விழுந்தோம். குடம் உடைந்தது. மேட்ரன் ஓடிவந்து எங்கள் தலையில் ஆளுக்கு ஒரு குட்டு வைத்தார். பிறகு என்னைத் தூக்கி நிறுத்தி, ஈரத் தலையோடு கட்டிக்கொண்டார். ஊரில் என் மாமா மகன் அடுத்த மாதமே வேறு இடத்தில் பெண் பார்த்துவிட்டாராம்.

வாத்தியார் சட்டம் படிக்க மதராசுக்குப் போனார். அவர் இடம் எனக்குக் கிடைத்தது. ஜூன் மாதம் முதல் திங்கட்கிழமை பத்தேகால் மணிக்கு மேல்வகுப்புக்குள் நுழைந்தேன். ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். கதவுக்குப் பின்னாலிருந்த விதிகளைக் கிழித்திருந்தார்கள். வாத்தியார் பெண்ணாக இருப்பதால் கணக்கு வகுப்புக்கு இனிக் காவல் வேண்டியதில்லை என்று மிசியம்மா முடிவு செய்திருந்தார். அந்த ஒரு மணி நேரத்துக்கு மேட்ரனை உக்கிராண அறையில் அரிசி பருப்பு அளக்கப் போட்டிருந்தார்கள்.